தேவதாசனுக்குப் பிடித்த துண்டு

என் மச்சான் தேவதாசனைப் பற்றி எங்கள் தேவாலயப் பங்கில் யாரைக் கேட்டாலும் ஒரே கதையைத்தான் சொல்வார்கள். மனுசன் பிள்ளைகளுக்கு நல்ல இறைச்சியைக் கொடுத்துவிட்டு, காலமெல்லாம் கோழிக் கழுத்தைச் சூப்பியே வாழ்ந்தவர் என்பார்கள். சொல்லிவிட்டு ஒரு பெருமூச்சும் விடுவார்கள். சுத்தப் பிழையான கதை அது. எத்தனையோ பேரிடம் நான் சொல்லிப் பார்த்துவிட்டேன். கண்ணில் தண்ணீர் வரவைக்கும் கதையை விட்டுவிட்டு உண்மையைக் கேட்க யாருக்கு மனம் வரும்?

கதை பிறந்தது அவனுடைய அறுபத்தைந்தாவது பிறந்தநாள் விருந்தில். அதற்கு முந்தின வருடந்தான் அவன் மனைவி, அதாவது என் தங்கை செலீன், புற்றுநோயில் போயிருந்தாள். தகப்பன் சோர்ந்துவிடக் கூடாது என்று மகள் றொஷினி கோயில் மண்டபத்தை எடுத்து, பலூன் கட்டி, கேக்கும் வெட்ட வைத்தாள். பிறகு ஒலிவாங்கியைக் கையில் எடுத்தாள்.

"எங்கட வீட்டில கோழிக்கறி எண்டால் காலும் நெஞ்சும் எனக்கும் தம்பிக்கும். அப்பாவும் அம்மாவும் கழுத்தைத்தான் சாப்பிடுவினம். ஏன் எண்டு எனக்கு அப்ப விளங்கேல்லை. இப்ப விளங்குது," என்றாள். அதற்கு மேல் அவளால் பேச முடியவில்லை. முன்வரிசைப் பெண்கள் கண் துடைக்கக் கைப்பையில் ரிசுத் தாளைத் தேடினார்கள். பங்குச் சுவாமியும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என் பக்கத்தில் இருந்த தேவதாசன் மெல்லக் குனிந்து, இவள் என்ன கதைக்கிறாள் என்று என்னிடம் கேட்டான். உன்னைப் புனிதராக்குகிறாள், பேசாமல் இரு என்றேன்.

அன்றோடு அந்த வீட்டில் கழுத்து நின்றது.

தேவதாசன் இளவாலைக்காரன். நானும் அவனும் ஒரே வகுப்பு. எனக்குப் பிறகுதான் இங்கே, மொன்றியலுக்கு வந்தான். வந்த புதிதில் கடைகளில் சாப்பாட்டுக் கோப்பை கழுவினான். பிறகு நகரின் கிழக்குப் பக்கத்தில் கோழி வாட்டி விற்கும் பெரிய கடை ஒன்றின் குசினிக்குள் சமையல் வேலைக்குப் போனான். அங்கேயே இருபது வருடத்துக்கு மேல் இருந்தான். காலையில் பெட்டி பெட்டியாகக் கோழி வரும். ஒவ்வொரு கோழியின் வயிற்றுக்குள்ளும் ஒரு சின்னப் பை இருக்கும். அதற்குள் கழுத்து, ஈரல், இதயம். கடைக்குத் தேவை வெளிக்கோழி மட்டுந்தான். பையெல்லாம் குப்பைக்குப் போகும். எங்களைப் போன்ற ஆட்களுக்கு அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியுமா? தேவதாசன் முதலாளியிடம் போய், அந்தக் கழுத்துகளை வீட்டுக்குக் கொண்டுபோகட்டுமா என்று கேட்டான். முதலாளி நல்ல மனுசன், ஆனால் கழுத்தை மனிதர் தின்பார்கள் என்று அவருக்கு எட்டவே இல்லை. வீட்டில் நாய் இருக்கிறதா என்று கேட்டார். இரண்டு இருக்கிறது என்று இவன் சொல்லிவிட்டான். அதுகளின் பெயர் என்ன என்று அவர் அன்பாக விசாரிக்க, வாயில் வந்தது ஒன்றின் பெயர் செலீன் என்பது. அதை வீட்டில் வந்து சொல்லி என் தங்கையிடம் அகப்பைக்காம்பால் வாங்கிக் கட்டிக்கொண்டான். அந்த முதலாளி ஓய்வு பெறும்வரை நத்தார்ப் பண்டிகைக்கு நாய்களுக்கென்று ஒரு பை பிஸ்கற் கொடுத்து அனுப்புவார்.

செலீன் அந்தக் கழுத்தைச் சமைக்கிற விதமே வேறு. தோலோடு இரண்டாக வெட்டி, மஞ்சளும் உப்பும் போட்டு முதலில் அவிய விடுவாள். பிறகு வெங்காயம், பெருஞ்சீரகம், ஊர்த் தூள் போட்டுத் தண்ணீர் முழுக்க வற்றும்வரை பிரட்டுவாள். சட்டியில் அடிப்பிடிக்கும் நேரத்தில் கொஞ்சம் தேசிக்காய்ப் புளி. கழுத்தெலும்பின் மடிப்புகளுக்குள் அந்தத் தூள் போய்ப் பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு மணியெலும்பாகக் கழற்றிச் சூப்பினால் கடைசித் துண்டுவரை உறைப்பு இருக்கும். நான் அந்த வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை போனால் எனக்கும் நெஞ்சிறைச்சிதான் கிடைக்கும். விருந்தாளி என்பதால் இல்லை. கழுத்தில் பங்கு தர அவர்கள் இரண்டு பேருக்கும் மனம் வராது.

பிள்ளைகளுக்கு ஏன் நெஞ்சிறைச்சி போனது என்றும் சொல்லிவிடுகிறேன். றொஷினிக்கும் தம்பி டினோஜனுக்கும் எலும்பைக் கண்டால் அருவருப்பு. பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சுப் பிள்ளைகளோடு எலும்பில்லாத சதுரக் கோழியைச் சாப்பிட்டுப் பழகியதுகள். ஒருநாள் செலீன் ஆசையாக ஒரு கழுத்தை எடுத்து டினோஜனின் கோப்பையில் வைக்க, அவன் அது கோழியின் தொண்டை என்று பிரெஞ்சில் கத்திக்கொண்டு மேசைக்குக் கீழே போய்விட்டான். அதற்குப் பிறகு அவர்கள் கொடுக்கவில்லை. பிள்ளைகள் எலும்பில்லாத துண்டுகளை மளமளவென்று விழுங்கிவிட்டு ரீவிக்கு ஓடிவிடுவார்கள். பிறகுதான் தேவதாசனும் செலீனும் கழுத்துச் சட்டியை நடுவில் வைத்துக்கொண்டு ஆறுதலாக இருப்பார்கள்.

கழுத்தை அவசரமாகத் தின்ன ஏலாது. அதுதான் அதில் உள்ள விசேசம். ஒன்றை முடிப்பதற்குள் ஊர்ப் புதினம் ஒன்று முடிந்துவிடும். அவன் கடையில் வேலை, அவள் தையல் தொழிற்சாலையில் வேலை; கிழமை முழுக்க ஒருவர் வர மற்றவர் போவார். ஞாயிறு பூசைக்குப் பிறகு அந்தக் கழுத்துச் சட்டிக்கு முன்னால்தான் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். கதைப்பார்கள், சிரிப்பார்கள், கடைசித் துண்டுக்குச் சண்டை பிடிப்பார்கள். அடுத்த அறையில் ரீவி பார்த்த பிள்ளைகளுக்கு இது எதுவும் தெரியாது. இரண்டு ஏழைகள் மிச்சமீதியைச் சூப்புவது மட்டுந்தான் அவர்கள் கண்ணில் பட்டிருக்கிறது.

பிறந்தநாளுக்குப் பிறகு தேவதாசனுக்கு வந்தது கஷ்டகாலம். றொஷினி அப்போது ரொக்ஸ்பரோ பகுதியில் இருந்த வீட்டில் அவனோடுதான் இருந்தாள். கோழி வாங்கினால் நெஞ்சிறைச்சிதான் வாங்குவாள், அதில் மிகப் பெரிய துண்டு அப்பாவுக்குத்தான். அவன் அதை மென்று மென்று, தண்ணீர் குடித்துக் குடித்து உள்ளே தள்ளுவான். எனக்கு உண்மையாகவே கழுத்துத்தான் பிடிக்கும் பிள்ளை என்று ஒருநாள் சொல்லியும் பார்த்தான். அவள் எழும்பி வந்து அவனைக் கட்டிப்பிடித்து, அப்பா எப்போதும் இப்படித்தான் சொல்வார் என்று இன்னொரு துண்டு நெஞ்சிறைச்சி வைத்தாள். 

பிறகு ஒரு புதன்கிழமை, அவள் வேலைக்குப் போன பிறகு, தமிழ்க் கடையில் கழுத்து வாங்கி வந்து தானே பிரட்டினான். செலீனின் பக்குவம் வரவில்லை, ஆனாலும் பரவாயில்லை என்று சட்டியோடு மேசையில் இருந்தான். அன்றைக்கென்று றொஷினி நேரத்தோடு வந்துவிட்டாள். தகப்பன் தனியே இருந்து எலும்பு சூப்புகிறான். பிரிஜ்ஜில் அவள் வாங்கி வைத்த நெஞ்சிறைச்சி அப்படியே இருக்கிறது. வாசலில் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் நின்று அழுதாளாம். இப்பவும் எங்களுக்கு மிச்சம் பிடிக்கிறீங்களா அப்பா என்று கேட்டாளாம். அவன் கையில் இருந்த கழுத்தை என்ன செய்வதென்று தெரியாமல் திரும்பச் சட்டிக்குள் வைத்திருக்கிறான். இதை எனக்குப் போனில் சொன்னபோது நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

நானும் சிரிப்பதை நிறுத்தவேண்டிய நாள் வந்தது. தவக்காலம் முடிகிற நேரம், றொஷினி என்னைக் கண் வைத்தியரிடம் காரில் கூட்டிப்போனாள். நடக்கக் கஷ்டப்படும் பிள்ளைகளுக்குக் கை கால் பயிற்சி கொடுப்பதுதான் அவள் வேலை. சின்ன வயதிலிருந்தே அந்த ஆசை, படித்ததும் அதற்காகத்தான். நாட்டின் மறுகரையில் இருக்கிற வான்கூவரில் அந்தப் பிள்ளைகளுக்கென்று புதிதாக ஒரு நிலையம் திறக்கிறார்களாம். அதைத் தலைமை தாங்கி நடத்த வரச்சொல்லி அவளைக் கேட்டிருக்கிறார்கள். அவள் அதைச் சொன்னபோது குரலே வேறாக இருந்தது. அடுத்த மூச்சில், மாட்டேன் என்று சொல்லப்போவதாகவும் சொன்னாள். உயிர்த்த ஞாயிறு கழிந்து ஒரு கிழமைக்குப் பிறகு வரும் திங்கட்கிழமை மறுமொழி சொல்ல வேண்டுமாம்.

ஏன் என்று கேட்டேன்.

"அப்பாவை விட்டிட்டு எப்பிடி மாமா போறது? அவர் ஒரு நல்ல துண்டுகூடச் சாப்பிடாமல் எங்களை வளத்தவர். நான் என்ரை விருப்பத்துக்கு வெளிக்கிட்டால் அது நியாயமோ?" என்றாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. யார்மேல் கோபம் என்றுதான் தெரியவில்லை. ஒரு கோழிக் கழுத்து ஒரு பிள்ளையின் வாழ்க்கைக்குக் குறுக்கே வந்து நிற்கிறதே என்று இருந்தது. கழுத்து அவனுக்குப் பிடிக்குமடி என்று நான் சொன்னதை அவள் சிரித்துத் தட்டிவிட்டாள். நீங்களும் அப்பாவின் ஆள்தானே என்றாள்.

அன்று பின்னேரமே தேவதாசனுக்குச் சொன்னேன்.  அவளுக்கு அந்த வேலையில் எவ்வளவு ஆசை என்று கேட்டான். சொன்னேன். அவள் போனால் அவன் அந்த வீட்டில் தனி ஆள். டினோஜன் குடும்பத்தோடு ரொறன்ரோவில் இருக்கிறான். வருடத்தில் இரண்டு தரம் வருவான். அதெல்லாம் அவனுக்குத் தெரியாமலா? ஆனால் அவன் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"என்னைச் சாட்டி அவள் இஞ்சை கிடக்கக்கூடாது மச்சான்," என்றான். "அதைவிட, அவள் நினைக்கிறது சரியெண்டால் நானும் செலீனும் என்ன சீவியம் சீவிச்சனாங்கள்? அழுது அழுதோ சாப்பிட்டனாங்கள்?"

அவளிடம் எப்படிச் சொல்லி நம்பவைப்பது என்று இரண்டு பேரும் யோசித்தோம். பிடிக்கும் என்று சொன்னால் தியாகம். தின்று காட்டினால் அதைவிடப் பெரிய தியாகம். வழி ஒன்றும் தெரியவில்லை.

வழி தானாக வந்தது. அதுவும் றொஷினியின் கையாலேயே. உயிர்த்த ஞாயிற்றுக்கு அடுத்து வந்த சனிக்கிழமை, தவக்காலம் முழுக்க மச்சம் மாமிசம் விட்டிருந்த கிழவர்கள் இருவரையும் நல்ல கோழிச் சாப்பாட்டுக்குக் கூட்டிப்போகிறேன் என்றாள். நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் ஒரு சின்ன ஜப்பானியக் கடை. யாக்கித்தோரியாம். கோழியைத் துண்டு துண்டாகக் குச்சியில் குத்திக் கரி நெருப்பில் வாட்டித் தருவார்கள் என்று அவளோடு வேலை செய்யும் பிள்ளை சொல்லியிருக்கிறாள். இருபது வருடம் கோழி வாட்டினவனைக் காசு கொடுத்து வாட்டின கோழி தின்னக் கூட்டிப்போகிறாள் என்று நான் முணுமுணுத்தேன். ஆனாலும் சாரத்தை மாற்றிக் காற்சட்டை போட்டுக்கொண்டு, இரண்டு பேரையும் என் காரிலேயே ஏற்றி வெளிக்கிட்டேன்.

கடைக்குள் மேசை என்று ஒன்றும் இல்லை. நீளமான ஒரு பலகை, அதற்கு முன்னால் உயரக் கதிரைகள், பலகைக்கு அந்தப் பக்கம் கரி அடுப்பு. தலையில் துணி கட்டிய ஜப்பானியப் பெண் ஒருத்தி குச்சிகளை விரலால் திருப்பிக்கொண்டு நின்றாள். நல்ல பிரெஞ்சு கதைத்தாள். றொஷினி நடுவில் இருந்தாள். அவளுக்கு அந்தப் பக்கம் தேவதாசன், இந்தப் பக்கம் நான். உட்கார்ந்த உடனேயே அப்பாவுக்கு நெஞ்சிறைச்சி இரண்டு குச்சி என்று சொல்லிவிட்டாள். நான் தேவதாசனைப் பார்த்தேன். அவன் தண்ணீர்க் கிளாசைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

ஆனால் வந்த நெஞ்சிறைச்சி, சொன்னால் சொல்லவேண்டும், ஈரமாக நன்றாகத்தான் இருந்தது. பிறகு தோல் வந்தது. தோலை மட்டும் மடித்து மடித்துக் குத்தி, மொறுமொறுவென்று வாட்டியிருந்தார்கள். வைத்தியர் எனக்கு விலக்கி வைத்த சாமான். கண்ணை மூடிக்கொண்டு இரண்டு குச்சி சாப்பிட்டேன். பிறகு இதயம். அதற்குப் பிறகு ஈரல், இனிப்பும் உப்பும் கலந்த ஒரு கறுத்தச் சாறில் தோய்த்தது. முழங்கால் குருத்தெலும்புகூட வந்தது. பல்லில் நறுக் நறுக் என்று கடிபட்டது. றொஷினி அதை எடுக்கத் தயங்கினாள், எடுத்தாள், முகத்தைச் சுளித்தாள், பிறகு இன்னொன்று எடுத்தாள்.

தேவதாசன் சாப்பாட்டைக் கவனிக்கவில்லை. அந்தப் பெண்ணின் தலைக்கு மேலே தொங்கிய கரும்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கடையில் கிடைக்கும் துண்டுகளின் பெயர் எல்லாம் பிரெஞ்சில் எழுதியிருந்தது. குசினிப் பிரெஞ்சு அவனுக்குத் தண்ணீர்பட்ட பாடு. ஒரு இடத்தில் அவன் கண் நின்றுவிட்டது. பிறகு அந்தப் பெண்ணிடம் அவனே நேரே கேட்டான், கழுத்து இருக்கிறதா என்று.

றொஷினி திரும்பிப் பார்த்தாள்.

அந்தப் பெண்ணுக்குச் சந்தோசம். முழுக் கோழியாகத்தான் எடுப்பார்களாம், எதையும் எறிவதில்லை, எலும்புகூடச் சூப்புக்குப் போகுமாம். ஒரு கழுத்திலிருந்து ஒரு நாடாவளவு இறைச்சிதான் உரித்தெடுக்கலாம். சில கோழிகள் சேர்ந்தால்தான் ஒரு குச்சி நிரம்பும். அதனால் முதலில் முடிவது அதுதான். வழக்கமாக வருகிறவர்கள் அதற்காகவே நேரத்தோடு வருவார்களாம். இன்றைக்கு இன்னும் ஒரே ஒரு குச்சி இருக்கிறது, உங்களுக்கு அதிர்ஷ்டம் என்று சொல்லி அதை அடுப்பில் வைத்தாள். தேவதாசன் தான் வேலை செய்த கடையில் அதைக் குப்பையில் போட்டதைச் சொன்னான். அவள் தலையில் கையை வைத்தாள்.

கழுத்து வாடிக்கொண்டிருக்கும்போதே ஒரு கணவன் மனைவி வந்து எனக்குப் பக்கத்தில் இருந்தார்கள். கோட்டைக் கழற்றுவதற்கு முன்னரே அந்த மனுசன் கழுத்து என்று கேட்டான். முடிந்துவிட்டது என்று அந்தப் பெண் சொல்ல, அவன் முகம் விழுந்துவிட்டது. அடுப்பில் இருந்த குச்சியைப் பார்த்தான், அது யாருக்கு என்று கேட்டான், பிறகு தேவதாசனைப் பார்த்துக் கொடுத்துவைத்தவர் என்று தலையாட்டினான். றொஷினி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் நெற்றியில் ஒரு சுருக்கம் விழுந்தது.

குச்சி வந்தது. தேவதாசன் அதைக் கோப்பையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தான். முதல் துண்டைக் கழற்றி வாயில் போட்டான். பிறந்தநாளுக்குப் பிறகு இப்படி ஒரு முகத்தோடு அவன் சாப்பிட்டதை நான் காணவில்லை. கண் சிறுத்து, தாடை மெல்ல அசைந்து, மனுசன் அந்தக் கடையிலேயே இல்லை.

"அப்பா, எனக்கும் ஒரு துண்டு தாங்கோ பாப்பம்," என்று றொஷினி கேட்டாள்.

அவன் கை குச்சியோடு அவள் கோப்பைப் பக்கம் போகத் தொடங்கியதை நான் கண்டேன். பழகின கை. பிள்ளை கேட்டால் அது யோசிக்காது. பாதி வழியில் அது நின்றது. ஒரு கணம் அப்படியே நின்று, பிறகு திரும்பித் தன் கோப்பைக்கே வந்தது.

"இல்லைப் பிள்ளை. இது எனக்கு," என்றான்.

பகிடி என்று நினைத்து அவள் சிரித்துக்கொண்டே கையை நீட்டினாள். அவன் கோப்பையைத் தூக்கித் தன் மற்றப் பக்கத்தில் வைத்துக்கொண்டான்.

"ஒரு சின்னத் துண்டுதானே அப்பா."

"ஒரு துண்டும் தரமாட்டன். இவ்வளவு நாளும் நீ எனக்கு ஒரு கழுத்துத் தந்தனியோ?"

அவள் முகம் மாறியது. முப்பத்தைந்து வயதுப் பெண்ணுக்கு அந்த ஒரு நிமிடம் ஐந்து வயது. தகப்பன் அவளுக்கு எதையும் இல்லை என்று சொன்னதை அவள் அதுவரை கேட்டதே இல்லை. அவன் அவளைப் பார்க்காமல், அடுப்பைப் பார்த்துக்கொண்டு, மிச்சத் துண்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி வாயில் போட்டு மென்றான். கடைசித் துண்டையும் விழுங்கிவிட்டு வெறுங்குச்சியைக் கோப்பையில் வைத்தான். 

"உண்மையாவே தரேல்லை," என்றாள் அவள், என்னைப் பார்த்து.

இதற்கு மேல் என்னால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை. அவளுடைய தாய் கழுத்துத் துண்டை இடியப்பத் தட்டுக்குக் கீழே ஒளித்துவைத்து, இவன் குளிக்கப் போன நேரம் எடுத்துச் சாப்பிட்டதைச் சொன்னேன். அதைக் கண்டுபிடித்து இவன் இரண்டு நாள் கதைக்காமல் இருந்ததையும், சமாதானம் செய்துவைக்க நான் போனதையும் சொன்னேன். செலீனும் கழுத்தை ஒருத்தருக்கும் கொடுத்தவள் இல்லை, கூடப்பிறந்த எனக்கே தந்தவள் இல்லை என்றேன்.

றொஷினி தகப்பன் பக்கம் திரும்பினாள். "அப்ப நீங்கள் எங்களுக்காக இல்லையோ அதைச் சாப்பிட்டது?"

"உங்களுக்காகச் செய்தது வேறை இருக்கும். அதை நானும் நினைச்சு வைக்கேல்லை, நீயும் தோண்டாதை," என்றான் தேவதாசன். "கழுத்து நாங்கள் எங்களுக்காகச் சாப்பிட்டது. நானும் கொம்மாவும் சந்தோசமா இருந்தனாங்கள் பிள்ளை. அதைப் போய்ப் பாவம் எண்டு ஊருக்குச் சொல்லாதை."

 ஜப்பானியப் பெண் மூன்று சின்னக் கிண்ணங்களில் எலும்புச் சூப்புக் கொண்டுவந்து வைத்தாள். றொஷினி தன் கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தாள். சூப்பின் ஆவியா கண்ணீரா என்று எனக்குத் தெரியவில்லை. ரிசு எடுத்து முகத்தைத் துடைத்தாள். அந்தப் பிள்ளையைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. தான் சுமந்து வந்தது ஒரே நாளில் இல்லாமல் போனால் ஆட்களுக்கு முதலில் கைதான் வெறுமையாக இருக்கும்.

"நான் வான்கூவருக்குப் போனால் நீங்கள் என்ன செய்வியள்?" என்று கேட்டாள். தகப்பனிடம் அந்த ஊரின் பெயரை அவள் சொன்னது அதுதான் முதல் தரம்.

"ஞாயிற்றுக்கிழமையில ஒரு சட்டி கழுத்துப் பிரட்டுவன். தனிய இருந்து சாப்பிடுவன். ஒருத்தருக்கும் குடுக்கத் தேவையில்லை."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும் சிரிப்புமாக, "நீங்கள் சரியான சுயநலக்காரன் அப்பா," என்றாள். அவன் ஓம் என்றான். திங்கட்கிழமை அவர்களுக்கு வருகிறேன் என்று சொல்லட்டுமா என்று கேட்டாள். அவன் அதற்கும் ஓம் என்றான்.

றொஷினி ஆவணியில் போய்விட்டாள். நடக்கத் தொடங்கிய பிள்ளைகளின் வீடியோக்களை எங்களுக்கு அனுப்புவாள். ஒரு துண்டுக் கழுத்துக்கூடத் தராத தகப்பனைப் பற்றி அங்கே எல்லாரிடமும் சொல்லிச் சிரிக்கிறாளாம். சொல்லட்டும், நல்லதுதான். அவளுக்குத் தெரியாதது ஒன்று உண்டு. அதை நான் அவளுக்குச் சொல்லவும் மாட்டேன்.

அன்று கடையிலிருந்து வெளியே வந்ததும் அவள் சிநேகிதியைச் சந்திக்கவென்று நடந்து போய்விட்டாள். தேவதாசனை நான் என் காரில் ஏற்றிக்கொண்டேன். நெடுஞ்சாலையில் ஏறினோம். எனக்குப் பெரிய வெற்றி கிடைத்த குதூகலம். கோப்பையைத் தூக்கி மறுபக்கம் வைத்தாயே, அந்த நடிப்பை எங்கே படித்தாய் என்று சீண்டினேன். அவன் சிரிக்கவில்லை. கடைசியில், கழுத்து எப்படி மச்சான், எங்கள் செலீனின் பிரட்டலுக்குக் கிட்ட வருமா என்று கேட்டேன்.

அவன் கார்க் கண்ணாடிப் பக்கம் முகத்தைத் திருப்பியிருந்தான்.

"முதல் துண்டு நல்லா இருந்தது," என்றான். "பிறகு அவள் கையை நீட்டிக் கேட்டவள், நான் குடுக்கேல்லை. அதுக்குப் பிறகு வாயுக்குள்ளை என்ன கிடந்தது எண்டே எனக்குத் தெரியேல்லை மச்சான்."